மூன்றாம் நரம்பு



கைக்கிளை என்றதும் கவிஞர் நெஞ்சில் எழுவது ஒருதலைக் காமம். ஏழிசையுள்ளும் அப்பெயர் உண்டு. குரல், துத்தம், கைக்கிளை என எண்ணிவர மூன்றாவதாய் நிற்பது, இன்றைய காந்தாரம். பண்டை இசையிலக்கணம் நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என வகுத்தது. நின்ற நரம்பிற்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதோ பகை. மேலைநாட்டு ஒத்திசையோ அந்த மூன்றாவதையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. ஏன் இந்த முரண்?

விடை அளவில் இருக்கிறது. குரலை நொடிக்கு 240 அதிர்வு எனக் கொள்வோம். ஐந்தாம் நரம்பின் வழியே நான்கு முறை ஏறி, இரு மண்டிலம் இறங்கிப் பெறும் அந்தர காந்தாரம் 303.75 அதிர்வு, இது அகன்ற காந்தாரம். 5:4 என்னும் விகிதத்தில் பிறப்பது 300, இது குறுகியது. ஆர்மோனியக் கட்டை தருவது ஏறத்தாழ 302.4; இரண்டிற்கும் இடைப்பட்டது. ஐரோப்பியரும் இடைக்காலத்தில் அகன்றதை ஒவ்வாதது என்றே ஒதுக்கினர். 5:4 என்னும் அளவை 1482-இல் ராமோஸ் டி பரேஹா தம் நூலில் எழுதிவைத்தார். நம் முன்னோர் பகை என்றதும் அகன்ற காந்தாரத்தையே என்பது என் துணிபு.

தம்பூராவின் மந்தரக் கம்பியை மீட்டி, ஓசை அடங்கும்வரை செவி கொடுங்கள். யாரும் தொடாத காந்தாரம் ஒன்று தானே எழும். அது 5:4 வழிப்பட்டது. கைக்கிளை அங்கே பகையன்று.

ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் (1917) 24 சுருதிகளைச் சமமாகப் பகுத்தார். விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் (1947) 22 அலகுகளுக்கு விகிதக் கணக்கு வகுத்தார். இரு பேரறிஞரிடையே நின்ற வழக்கு, காந்தாரத்தளவில், இந்த ஓரிரண்டு அதிர்வுகளே. சிறு வேறுபாடென்று தள்ள இயலாது. கட்டையின் காந்தாரம் தம்பூராவோடு சேரும்போது எழும் நடுக்கம் செவிக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் நம் பத்மநாபபுரத்துச் சரசுவதி திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்திற்கு எழுந்தருளுகிறாள். அங்கே முதல்நாள் சுவாதித் திருநாளின் சங்கராபரணம். காந்தாரம் நிலைத்து நிற்கும். நான்காம் நாள் தோடி. அதன் சாதாரண காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்து அசைந்தே உயிர்பெறும். எந்தக் கட்டையிலும் அதற்கு இடமில்லை.

கவிஞர்களே, குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரை என்று அளந்த மரபு நம்முடையது. அந்தச் செவியை நாம் இழந்துவருகிறோம். கவிதையைக் கண்ணால் மட்டுமே படித்துப் பழகினால், எல்லா உகரமும் ஒரே கட்டையாகிவிடும். இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒவ்வொரு கூட்டமும் ஒரு கவிதையை ஓதிக் கேட்டுத் தொடங்கட்டும் என்று வேண்டி அமைகிறேன்.