மறுகாலும் உபரி நீரும்
(கடையநல்லூரில் ஆற்றிய உரை)



எல்லா அறிவும் தமிழில் வரவேண்டும் என முழங்குகின்றோம். வந்த அறிவு நம் பிள்ளைகட்கு விளங்குகின்றதா என எவரும் கேட்பதில்லை. அதனையே இன்று கேட்க வந்துள்ளேன்.

அறிவுத் தொகுப்பு நமக்குப் புதிதன்று. 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வெளிவந்தது. (பெயர் தமிழன்று, உழைப்புத் தமிழ் உழைப்பே!) பின்னர்ப் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைக் கொணர்ந்தது. முதல் மடலம் 1954இல், பத்தாவது 1968இல். அதனோடு அமையாமல், சிறுவர்க்கெனத் தனிக் களஞ்சியமும் அவர் தலைமையில் பத்து மடலங்களாய் வந்தது. படிப்பவன் யார் என்று பார்த்து நடையை வகுத்த அறிவு அது.

இன்று பிள்ளைகள் மடலத்தைப் புரட்டுவதில்லை; கைப்பேசியைத் தடவுகின்றனர். அங்கே 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. ஊதியம் கருதாத் தொண்டர்கள் வளர்த்த களஞ்சியம், நெஞ்சு நிமிர்கின்றது. ஆயினும் எண்ணிக்கை வேறு, பயன் வேறு. 2009 அளவில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அதில் ஏற்றத் தொடங்கியது. எழுத்துத் தமிழ், தொடரமைப்போ முழுக்க ஆங்கிலம்! எழுவாய் ஓரிடத்தும் பயனிலை நான்கு வரிக்கு அப்பாலும் கிடந்தன. கட்டுரை பெருகுவதே போதும் என்று தமிழ் விக்கிப்பீடியர் வாளா இருந்தனரா? இல்லை. குறைகளைத் தொகுத்து, 2010இல் போலந்து நாட்டில் கூடிய விக்கிமேனியா மாநாட்டிலேயே எடுத்துரைத்தனர். அந்த மானவுணர்வைப் போற்றுகின்றேன்.

நம்மவரிடத்தும் ஒரு நோயுண்டு. அருஞ்சொல்லே தூயசொல் என மயங்குகின்றனர். ஒளிச்சேர்க்கை என்பது ஆக்கச்சொல்தான். பத்து அகவைப் பிள்ளைக்கும் உடனே விளங்குகின்றது. அகராதியைத் தேடி ஓடவைக்கும் சொல்லை ஆக்கினால், பிள்ளை அகராதிக்கு ஓடமாட்டான். ஆங்கிலப் பக்கத்திற்கே ஓடுவான். நாமே அவனைத் துரத்தியவர்களாவோம்.

நம்மூர்க் குளத்தையே பாருங்கள். நிறைந்து வழிந்தால், எழுத்தறியாத உழவனும் "குளம் மறுகால் பாயுது" என்கின்றான். படித்தவன் எழுதுகின்றான்: "குளத்தின் உபரி நீர் வெளியேற்றப்படும் நிலை காணப்படுகின்றது." இதில் உபரி தமிழே அன்று. 'காணப்படுகின்றது' என்பதோ எதற்கு? யார் காண்கின்றார்? உழவன் சொல் மூன்று. எளிமையும் அதில், தூய்மையும் அதில். தறிக்காரரின் பாவும் ஊடையும் அத்தகையனவே. இதே வட்டாரத்துச் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணர், ஏட்டு வழக்கோடு உலக வழக்கையும் சான்றாகக் கொண்டே சொல்லாய்ந்தார்.

ஆங்கிலத்தார், கற்போர்க்கென எளிய ஆங்கில விக்கிப்பீடியா ஒன்றைத் தனியே நடத்துகின்றனர். நமக்கு இரண்டாவது ஒன்று வேண்டுவதில்லை. இருப்பதையே விளங்க எழுதினாற் போதும். இங்குள்ள இளைஞர்களில் பதின்மர், ஆளுக்கொரு குளத்தைப் பற்றி எழுதுங்கள். எழுதுமுன் மடை திறப்பவரிடம் அவர் வழங்கும் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியபின் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள். அவன் தடுமாறும் தொடரை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.