தொற்றுநோயும் சுதந்திரமும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

கொள்ளைநோய்க் காலத்தில் சர்க்கார் இடும் கட்டளைகளுக்கு ஒருவன் எம்மட்டும் கட்டுப்படுதல் வேண்டும் என்பதைப்பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். "என் வீட்டிலும் என் உடம்பிலும் அயலானுக்கு என்ன அதிகாரம்?" என்று 2020-ஆம் வருஷத்தில் நம்மவர் பலர் வினவியதுண்டு. வினா புதிதன்று.

1896-ஆம் வருஷத்தில் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் பூனாவுக்கும் பரவிற்று. மறு வருஷம் பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. பூனாவில் ராண்டு என்னும் துரையின் தலைமையில் பட்டாளத்துச் சிப்பாய்கள் வீடுவீடாய்ப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பூஜையறையென்றும் பாராமல் நுழைந்தார்கள், பெண்டிரை அவமதித்தார்கள் என்று ஜனங்கள் முறையிட்டனர். விளைந்த பலன் யாது? நோயாளிகளை ஜனங்கள் ஒளித்துவைக்கத் தலைப்பட்டனர். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு ராண்டு துரை சுடப்பட்டுச் சில தினங்களில் மாண்டார். நோயாளியைப் பிரித்துவைத்தல் நியாயமான காரியமே. செய்த விதம் அதனைப் பகையாக்கிற்று.

அதே வருஷத்தில் பூனாவுக்கு வெளியே, சாவித்ரிபாய் பூலே அம்மையாரும் அவர்தம் வளர்ப்பு மகனாராகிய வைத்தியரும் பிளேக் நோயாளிகளைச் சேர்த்துப் பராமரித்தார்கள். அந்நோயே பற்றி, மார்ச் 10-ஆம் தேதி அம்மையார் உயிர் துறந்தார். அங்கும் நோயாளி ஊரைப் பிரிந்தே இருந்தான். ஆயினும் அவனைச் சிறைப்பட்டவன் என்று எவரும் கூறிலர்.

அப்பழைய சட்டமே 2020-இலும் கையாளப்பட்டது. மார்ச் 24-ஆம் தேதி இரவு அறிவித்து, நான்கே மணி நேரத்தில் தேசத்தை அடைத்ததனால் கூலியாட்கள் குழந்தைகளைச் சுமந்து பல நூறு மைல் நடந்தனர். அதனை யான் நியாயமென்று சொல்லேன். பின்னர், கலியாணத்திற்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று விதி வந்தது. கலியாணத்தைத் தள்ளிப்போடலாம், சாவை எவ்வாறு தள்ளிப்போடுவது? நம் குடும்பங்களில் பங்காளிகள் மாத்திரமே இருபதின் மேலாவர். கோடி போடவேண்டிய மாமன்மார் எங்கே நிற்பது? யானும் அன்று முணுமுணுத்தவனே.

ஆயின் அக்கிருமி, காய்ச்சலும் இருமலும் காணுமுன்பே பிறரைப் பற்றவல்லது. ஆதலின், "எனக்கு நோயில்லை" என்று ஒருவன் மெய்யாகவே நம்பிச் சொல்லினும் அச்சொல் காவலாகாது. என் உடம்பை யான் இடருக்கு உட்படுத்துவேனாயின், அஃது என் சுதந்திரம் எனலாம். பக்கத்தில் நின்று வாய்க்கரிசி இடும் முதியவரின் உடம்பை இடருக்கு உட்படுத்த எனக்கு உரிமை தந்தவர் யார்?

அக்காலத்துச் சாவுக்கு அழைக்கப்படாத உறவினர் சிலர் இன்றளவும் அவ்வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். அழையாதவர் உங்களை அலட்சியம் செய்திலர். உங்கள் உயிரைக் கருதினர். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அவ்விரு திறத்தாரையும் ஒருங்கே வரவழைத்து, அன்று கேட்கக் கூடாமற்போன துக்கத்தை இம்மண்டபத்திலேயே கேட்கச் செய்யும்படி காரியதரிசி அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.