எட்டாம் தரத்திலும் வாசிப்பைக் கற்பிக்கலாம்

பதுளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் தோட்ட நிர்வாகங்களிடமிருந்து அரசின் கைக்கு வரத் தொடங்கின. பாடசாலை பிள்ளைகளை எட்டியது. வாசிப்பு இன்னும் எல்லோரையும் எட்டவில்லை. எட்டாம், ஒன்பதாம் தரத்திலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் பிடிப்பதிலேயே கவனம் செலவாகிவிட்டால் வாக்கியத்தின் பொருள் மனதில் நிற்காது. தடுமாறுகிறவர் குறைவாக வாசிக்கிறார், குறைவாக வாசிப்பதால் மேலும் பின்தங்குகிறார் என்று 1986இல் கீத் ஸ்டனோவிச் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். ஆகவே இந்த இடைவெளி தானாக மூடிக்கொள்ளாது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லையே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் விஞ்ஞானமானாலும் வரலாறானாலும் வினாத்தாளை வாசித்துத்தானே விடை எழுத வேண்டும்? வாசிப்புக்குத் தரும் நேரம் எல்லாப் பாடங்களுக்கும் தரும் நேரம். வழியும் கடினமானதல்ல. ஆசிரியர் துணையோடு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்து அறிவித்தது. அருஞ்சொற்களை முன்கூட்டியே விளக்கி, வாசித்ததைப் பற்றிப் பேசவைத்தால் பொருளும் பிடிபடும். பதின்ம வயதில் கூச்சம் தடுக்கும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் பாலர் புத்தகத்தை நீட்டாமல், அந்த வயதுக்குப் பிடித்த விளையாட்டுச் செய்தியை எளிய நடையில் கொடுக்க வேண்டும். பசறையிலோ ஹப்புத்தளையிலோ, எந்தப் பாடசாலையும் நாளுக்கு 20 நிமிடம் ஒதுக்கி இதைத் தொடங்கலாம். இனி முடியாது என்று எந்தப் பிள்ளையையும் கைவிடத் தேவையில்லை.