நோயாளியின் வாய்ச்சொல்லும் ஓர் ஆதாரமே

(நமது ஜமாஅத்தின் சார்பில் மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற மூட்டுவாத நோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மூட்டுவாதத்தைப் பற்றிப் பேச ஓர் இமாமுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான எண்ணமே. நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சற்று முன்னர் டாக்டர் அவர்கள் விரிவாக விளக்கிவிட்டார்கள். நாம் பேச வந்தது வேறொரு செய்தி. நமது மஹல்லாவைச் சேர்ந்த, செவிலியர் மேற்படிப்புப் பயிலும் மாணவி ஒருவர், இந்நோயுற்ற பெண்களைச் சந்தித்து ஆய்வு செய்ய ஜமாஅத்தின் ஒப்புதலைக் கோரி விண்ணப்பித்திருந்தார். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அவ்விண்ணப்பம் வாசிக்கப்பட்டபோது, எத்தனை பேரைச் சந்திப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. பன்னிரண்டு பேர் என்றார். ரத்தம் எடுப்பீர்களா, எக்ஸ்ரே எடுப்பீர்களா என்று கேட்கப்பட்டது. "இல்லை. அவர்களைப் பேசச் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மறைப்பானேன், நாமும் சிரித்தோம்.

அம்மாணவி மனம் வருந்தவில்லை. சில ஆய்வுக் கட்டுரைகளின் சாரத்தைத் தமிழில் எழுதி நம்மிடம் தந்து, "ஹஜ்ரத், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று கூறிச் சென்றார். அதைப் படித்தும், விளங்காத இடங்களை அவரிடமே கேட்டும் நாம் அறிந்துகொண்டதையே இங்கு சொல்லப்போகிறோம்.

டாக்டர் அவர்கள் கூறியதை ஒரு வரியில் நினைவூட்டுகிறோம். முடக்குவாதம் என்று நாம் அழைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், முதுமையால் மூட்டுத் தேய்வதன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் திசை மாறி, மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

இந்நோய் குறைகிறதா, கூடுகிறதா என்பதை மருத்துவ உலகம் எப்படி அளந்தது? வீங்கிய மூட்டுகள் எத்தனை, தொட்டால் வலிக்கும் மூட்டுகள் எத்தனை என்று எண்ணினார்கள். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். போன்ற அழற்சி அளவுகளைப் பார்த்தார்கள். நோயாளியிடமும் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்லலாகாது. வலி எவ்வளவு, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 1992ஆம் ஆண்டு நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் 'ஓமராக்ட்' என்னும் பெயரில் வாதநோய் ஆய்வாளர்கள் கூடத் தொடங்கியதும் இவ்வளவுகளை ஒழுங்குபடுத்தவே. ஆனால் எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை வகுத்தவர்கள் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே. அந்தப் பட்டியலில் களைப்பு என்பது இல்லை.

இவ்விடத்தில் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதி பெற்றே சொல்கிறோம். அக்குடும்பம் இப்போது வேறு ஊரில் வசிக்கிறது.

இப்பள்ளியில் நாம் பொறுப்பேற்ற புதிதில், இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் நம்மைத் தனியே சந்தித்தார். தம் மனைவி சுப்ஹு தொழுததும் மீண்டும் படுத்துவிடுகிறார் என்றும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் நேரத்தில் கைகளை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றும், மாலையானால் 'களைப்பாக இருக்கிறது' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை என்றும் குறைபட்டுக்கொண்டார். முடக்குவாதத்திற்கு மருந்து உண்பதாகவும், வீக்கம் வற்றிவிட்டதாகவும், ரத்தப் பரிசோதனையில் நோய் குறைந்திருப்பதாக வந்ததாகவும் சொன்னார். பரிசோதனைத் தாளையே கொண்டு வந்து காட்டினார். அதைப் பெரிய சான்றாக நாமும் எடுத்துக்கொண்டோம். மறுநாள் அப்பெண்மணியை அவருடைய தாயாருடன் வரவழைத்து, பொறுமையைப் பற்றியும் இல்லறக் கடமைகளைப் பற்றியும் அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். அவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. எழுந்து செல்லும்போது மட்டும், "ஹஜ்ரத், நான் சோம்பேறி இல்லை" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. உனக்கு உடம்பு எப்படியம்மா இருக்கிறது என்ற ஒரு கேள்வி, அந்த அரைமணி நேரத்தில் நம் நாவில் வரவேயில்லை.

இனி அந்த ஆய்வுக்கு வருகிறோம். 2002ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஓமராக்ட் கூடியபோது, நோயாளிகளும் பங்கேற்பாளர்களாக அழைக்கப்பட்டு ஆய்வாளர்களுடன் அமர்த்தப்பட்டனர். உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்கப்பட்டபோது, வலியோடு களைப்பையும் அவர்கள் முன்வைத்தார்கள். அதன்பின் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வாதநோய்ச் செவிலியரான சாரா ஹியூலெட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கடுங்களைப்பு உள்ள 15 முடக்குவாத நோயாளிகளைத் தனித்தனியே சந்தித்துப் பேசவிட்டுக் கேட்டனர். 2005ஆம் ஆண்டு அது கட்டுரையாக வெளிவந்தது. பதினைந்து பேர்தாம்! நம் மாணவி கேட்டதைவிட மூன்று பேரே அதிகம்.

அவர்கள் சொன்னது என்ன? இது உழைத்துக் களைக்கும் களைப்பன்று. எதுவும் செய்யாதபோதும் வருகிறது. உறங்கி எழுந்தாலும் தீர்வதில்லை. உடலை மட்டுமன்றி எண்ணத்தையும் மந்தமாக்குகிறது. வீட்டு வேலை, சம்பாத்தியம், உறவு, மகிழ்ச்சி ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. இவற்றையெல்லாம்விட நம்மை உறுத்தியது அடுத்த செய்தி. அவர்களில் பெரும்பாலோர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. சொன்ன நேரங்களிலோ அது பொருட்படுத்தப்படவில்லை என்றே உணர்ந்தார்கள்.

இதைப் படித்த அன்றிரவே அச்சகோதரரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் மனைவியிடம் பேச அனுமதி கேட்டோம். மன்னிப்புக் கேட்டபின், அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டோம். "துணி துவைத்து அலுத்துப்போனால் அது வேறு, ஹஜ்ரத். இது ஒன்றும் செய்யாமலேயே, ஈரத்துணியைப் பிழிந்து போட்டது மாதிரி ஆகிவிடும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் களைப்பு என்று சொன்னேன்" என்றார். பிரிஸ்டல் நோயாளிகள் சொன்னதும் இதுவேயன்றோ! அவர்களை இவர் அறியமாட்டார். அவர்கள் இவரை அறியமாட்டார்கள்.

2006ஆம் ஆண்டு மால்டாவில் கூடிய ஓமராக்ட் அமர்வில், முடக்குவாத மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் இயன்றவரை களைப்பையும் அளக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எண்ணிப் பார்க்கும் ஆய்வுகள் பல்லாண்டுகளாக நடந்தும் தவறவிட்ட ஒன்றை, கேட்டுப் பார்த்தவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள்.

இத்தகைய ஆய்வைப் பண்புசார் ஆய்வு என்கிறார்கள். அரட்டை அடிப்பதன்று அது. அதற்கும் முறை உண்டு. வயதிலும் தொழிலிலும் நோயின் காலத்திலும் வேறுபட்டவர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஆம், இல்லை என்ற விடையோடு முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்கிறார்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்து, தயக்கமும் பெருமூச்சும் உட்படச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் படித்து, ஒத்த பொருளுள்ளவற்றை ஒன்று சேர்த்துக் கருத்துகளைத் திரட்டுகிறார்கள். ஒருவர் வகுத்ததை மற்றொருவர் சரிபார்க்கிறார். புதிதாகப் பேசுபவரிடமிருந்து புதுச் செய்தி எதுவும் வரவில்லை என்னும் நிலை வரும்போது நிறுத்துகிறார்கள். ஹதீஸ் கலை ஓதியவர்களுக்குச் சொல்லைச் சொல்லாகவே காப்பாற்றுவதன் அருமை எளிதில் விளங்கும். எனினும் அந்த ஒப்புமையை நெடுந்தூரம் இழுத்துச் செல்லலாகாது என்பதையும் உலமாக்கள் அறிவார்கள்.

பன்னிரண்டு பேர் போதுமா என்று கேட்ட பெரியவர்களுக்கு நமது பைத்துல்மாலையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். உதவி தேவைப்படும் குடும்பங்கள் எத்தனை என்று அறிய வேண்டுமானால் மஹல்லாவின் எல்லா வீடுகளையும் கணக்கெடுக்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு போதாது. ஆனால் வறுமையிலிருக்கும் ஒரு குடும்பம் விண்ணப்பமே தராமல் இருப்பது ஏன் என்று அறிய வேண்டுமானால், கணக்கேடு உதவாது. அத்தகைய சில வீடுகளில் சென்று அமர்ந்து, அவர்கள் வாய்திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். நமது உறுப்பினர்கள் சிலர் இதை ஆண்டுதோறும் செய்துதான் வருகிறார்கள்.

மற்றோர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. நோய் திடீரெனச் சீறி எழும் நிலையைப் பற்றி ஐந்து நாடுகளில் முடக்குவாத நோயாளிகளைக் குழுக் குழுவாக அமர்த்திக் கேட்டார்கள். நோய் எழுந்தவுடன் அவர்கள் மருத்துவரிடம் ஓடுவதில்லை. ஓய்வெடுக்கிறார்கள், கைவசமுள்ள மாத்திரையைப் போட்டுப் பார்க்கிறார்கள், வேலையைக் குறைக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார்கள். எல்லாம் கைவிட்ட பின்னரே உதவி தேடுகிறார்கள். நமது தாய்மார்களில் எத்தனை பேர் இவ்வாறு இருக்கிறார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தாமதமாகும் நாட்களில் மூட்டின் எலும்பு அரிக்கப்படுகிறது என்பதை டாக்டர் அவர்கள் படத்துடன் காட்டினார்கள்.

இவ்வகை ஆய்வுக்கு எல்லையும் உண்டு. நூறு பேரில் எத்தனை பேருக்குக் களைப்பு என்பதையோ, எந்த வைத்தியம் அதைக் குறைக்கும் என்பதையோ இதைக் கொண்டு சொல்ல முடியாது. அங்கே மீண்டும் எண்ணிக்கை வேண்டும். பிரிஸ்டல் குழுவினரும் அதைச் செய்தார்கள். நோயாளிகளின் சொற்களிலிருந்தே களைப்பை அளக்கும் வினாப்பட்டியலை உருவாக்கி 2010இல் வெளியிட்டார்கள். பின்னர் செவிலியரும், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளரும் சேர்ந்து நோயாளிகளுக்கு வாரந்தோறும் வகுப்பு நடத்தி, வேலையையும் ஓய்வையும் பங்கிட்டுக்கொள்ளக் கற்பித்தார்கள். பல மருத்துவமனைகளில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. வாழ்வில் களைப்பு ஏற்படுத்தும் பாதிப்பு குறைந்திருந்தது; இரண்டு ஆண்டுகள் கழித்தும் அப்பயன் நிலைத்திருந்தது. களைப்பு அறவே நீங்கிவிட்டது என்று யாரும் கூறவில்லை.

நோயாளியின் சொல்லை ஆதாரமாகக் கொள்வது நமக்குப் புதிதா? நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மதரஸாவில் தொடக்கத்திலேயே நாம் ஓதிய சட்டம். இயலாமை என்பதைத் தீர்மானிக்க, மருத்துவரின் சொல்லோடு நோயாளியின் சொந்த அனுபவத்தையும் ஃபிக்ஹு நூல்கள் ஏற்றுக்கொள்கின்றன. அப்படியிருக்க, நாற்காலியில் தொழும் இளைஞர் ஒருவரை, நடந்துதானே வந்தார் என்று நமது பள்ளியிலேயே சிலர் முகம் சுளித்துப் பார்த்ததை நாம் கண்டோம். அவருடைய முழங்கால் காலையில் எப்படி இருக்கும் என்று கேட்டவர் யார்?

ஒப்புதல் பற்றிய செய்திகளைச் சொல்லி முடிக்கிறோம். மாணவியின் விண்ணப்பம் சென்ற வாரம் ஏற்கப்பட்டது. அவருடைய கல்லூரியின் நெறிமுறைக் குழுவும் அனுமதி அளித்துள்ளது. பேச விரும்புவோர் மட்டும் பேசலாம். பாதியில் நிறுத்திக்கொள்ளவும் உரிமை உண்டு. பெயரோ வீடோ எங்கும் எழுதப்படாது. சொல்லப்படுவது அமானத், முத்தவல்லியோ, கணவரோ, நாமோ அந்த ஒலிப்பதிவைக் கேட்க முடியாது. கணவன்மார்கள் மனைவியை அழைத்து வரலாம், அறைக்குள் உடனிருக்கலாகாது. இதில் சிலருக்கு வருத்தம் உண்டு என்று அறிவோம். பக்கத்தில் நாம் இருந்தால் அவர்கள் எதைச் சொல்வார்கள், எதை விடுவார்கள் என்பதை வீட்டிற்குச் சென்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் மாடி அறையை ஒதுக்குவதாக இருந்தோம். முழங்கால் வலியுள்ளவர்களை எப்படிப் படியேறச் சொல்வது என்று மாணவியே கேட்டார். நம் எவருக்கும் அது தோன்றவில்லை. ஆகவே கீழ்த்தளத்து நூலக அறை, வெள்ளி தவிர மற்ற நாட்களில் லுஹருக்குப் பின் அஸர் வரை அவருக்குத் திறந்திருக்கும். காலையில் கைகால் விறைத்திருக்கும் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தவரும் அவரே. மேலும், பெண்கள் பகுதியில் ஒளு செய்யும் குழாய்களைத் திருக விரல்கள் ஒத்துழைப்பதில்லை என்று ஒரு தாயார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவற்றை அகற்றி, கையால் தட்டினாலே திறக்கும் நீள்பிடிக் குழாய்களைப் பொருத்த நிர்வாகக் குழு தொகை ஒதுக்கியுள்ளது. குழாய் வேலை தெரிந்த சகோதரர் யாரேனும் இருப்பின், தொழுகைக்குப் பின் செயலாளர் அவர்களைச் சந்திக்கவும்.