வளர்வது வேறு, விளைவது வேறு
(வானொலியில் ஒலிபரப்பான வேளாண்மை உரை)



இங்கிலீஷ் படிக்காதவர் வாயிலும் சரளமாகப் புழங்கும் வார்த்தை ஒன்று உண்டு: 'குரோத்'. வளர்ச்சி என்று பொருள். 'பயிர் நல்ல குரோத் சார்' என்கிறோம். உரக்கடையில் புட்டியில் விற்பதும் 'குரோத்' மருந்துதான். ஆனால் டாக்டர் வயிற்றைச் சோதித்துவிட்டு, 'உள்ளே ஒரு குரோத் இருக்கு' என்றால் சந்தோஷப்படுவோமா? கட்டி என்று கலங்கிப்போவோம். வார்த்தை ஒன்றுதான். வேண்டாத இடத்தில், அளவு மீறி வளர்ந்தால் அதுவே வியாதி.

பயிருக்கும் இதே கணக்குத்தான்.

நான் வேலைக்கு வந்த புதிது. ஒரு பெரியவர் சம்பாவில் வெள்ளைப் பொன்னி நட்டிருந்தார். பயிர் கரும்பச்சையாக இடுப்பளவு நின்றது. "ஐயா, பிரமாதமான குரோத்!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த மகிழ்ச்சியில் அவர் இன்னொரு மூட்டை யூரியா போட்டுவிட்டார். கதிர் பால் பிடிக்கும் சமயம் இரண்டு நாள் மழை. வயல் மொத்தமும் படுத்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்தபடி, "நீங்க நல்லாருக்குன்னுதானே சார் சொன்னீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தவறு என்னுடையதுதான்.

தழைச்சத்து மிஞ்சினால் இலை பெருக்கும். தண்டு வலுவில்லாமல் நீளும். வெள்ளைப் பொன்னியோ இயல்பிலேயே உயரமான ரகம். கதிர் கனத்ததும் சாயும். இலை இளசாக, அடர்த்தியாக இருந்தால் புகையானுக்கும் குலைநோய்க்கும் கொண்டாட்டம். சாய்ந்த பயிரில் பதர்தான் மிகும்.

அப்படியானால் யூரியாவே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதுமாகப் பிரித்து இடுங்கள். சாம்பல் சத்தை மறக்காதீர்கள். தண்டுக்கு வலுக் கொடுப்பது அதுதான்.

எப்போது போடுவது என்று சொல்ல 'இலை வண்ண அட்டை' இருக்கிறது. நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை வேளையில், 10 பயிர்களைப் பாருங்கள். நன்கு விரிந்த இளம் இலையை, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலையாவது 4-ஆம் எண் நிறத்துக்குக் குறைவாக வெளுத்திருந்தால் மட்டும் தழைச்சத்து இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண் போதும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை முடிவைக் காட்டி, உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி யாராவது வரப்பில் நின்று, 'நல்ல குரோத்' என்று பாராட்டினால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். 'தூர் எத்தனை? தண்டு கெட்டியா?' என்று குனிந்து பாருங்கள். வளர்வது வேறு, விளைவது வேறு. களத்துக்கு வந்து சேர்வதுதான் நமக்குக் கணக்கு.