ஆய்வகத்துக்கு அடுத்த ஊர்



அறிவியலும் பொறியியலும் படிக்கிற நம் பிள்ளைகள் சிலர், கோடை விடுமுறையில் இரண்டு மூன்று மாதப் பயிற்சிப் பணிக்காக ஜெர்மனிக்குப் போகிறார்கள். 'டாட்' என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, இந்திய மாணவர்களுக்கென்றே 'வைஸ்' என்ற பெயரில் உதவித்தொகை தருகிறது. வாரத்தில் ஐந்து நாள் ஆய்வகம். சனியும் ஞாயிறும் அவர்களுடையவை. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். போய்த் திரும்பும் மாணவர்கள் கைப்பேசியில் படம் காட்டுவார்கள். பாரிஸ், பிராக், ஆம்ஸ்டர்டாம். வெள்ளி இரவு பேருந்து ஏறி, ஞாயிறு இரவு முழுக்கப் பயணம் செய்து, திங்கள் காலை தூக்கக் கலக்கத்தோடு ஆய்வகத்துக்குப் போயிருப்பார்கள். அந்த வயதின் ஆசை அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால், "நீ இருந்த ஊர் எப்படிப்பா?" என்று கேட்டால் பலருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். சுற்றுலாப் பயணி ஓர் ஊரை இரண்டு நாளில் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பயிற்சிக்குப் போனவருக்கு அங்கே ஓர் அறை இருக்கிறது; மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார உள்ளூர்க்காரர் இருக்கிறார். "சின்ன வயசில் உங்களை வீட்டில் எங்கே கூட்டிப் போவார்கள்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற இடம் பெரும்பாலும் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு டிரெஸ்டன் நகரைச் சொல்கிறேன். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆய்வு நிலையங்களும் நிறைந்த, எல்பே ஆற்றங்கரை ஊர். நகர நடுவில் ஃபிரவுவன்கிர்ஷே என்ற தேவாலயம். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்து இடிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலம் முழுக்கக் கற்குவியலாகவே கிடந்தது. பிறகு எடுத்துக் கட்டி, 2005 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். வெளிறிய சுவரில் ஆங்காங்கே தெரியும் கறுத்த கற்கள், இடிபாட்டிலிருந்து எடுத்துப் பதித்தவை. வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கல் பிறந்த இடத்துக்குப் போகிறவர்கள் குறைவு.

அது தொலைவில் இல்லை. 'எஸ்1' ரயிலில் ஆற்றோட்டத்துக்கு எதிராகத் தென்கிழக்கே போனால் முக்கால் மணிக்குள் ராட்டன். மணற்கல் பாறைகள் சுவர் போல எழுந்து நிற்கும். இந்தப் பள்ளத்தாக்கில் வெட்டிய கல்தான் ஆற்று வழியே இறங்கிப் போய் டிரெஸ்டன் ஆனது. ரயில் நிலையம் ஒரு கரையில், ஊர் மறு கரையில். கடக்க ஒரு படகு உண்டு. அதற்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் மேற்பகுதியில் நங்கூரமிட்ட நீளமான கம்பிவடம் அதைப் பிடித்திருக்கிறது. படகோட்டி படகை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்புகிறார். வடம் கீழே போக விடாது. ஓட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய விசை படகை மறு கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இயந்திரவியல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடத்தை வகுப்பில் என்னால் நடத்த முடியாது. அக்கரையில் இறங்கிக் காட்டு வழியே ஏறினால் பாஸ்டாய் பாறை. ஆற்றுக்கு மேல் 194 மீட்டர். 1851இல் கட்டிய கல்பாலம் பாறைகளுக்கு நடுவே நிற்கிறது.

பயணச்சீட்டு பற்றி ஒரு வார்த்தை. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த 'டாய்ச்லாண்ட் டிக்கெட்', 2026 முதல் மாதத்துக்கு 63 யூரோ. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும், 'ஐ.சி.இ.' போன்ற விரைவு ரயில்களுக்குச் செல்லாது. அது சந்தா முறை. ஊர் திரும்பும் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்காதீர்கள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் திறக்காது. அந்த ஓய்வு நாளைக் காப்பதற்கு அரசியல் சட்டத்திலேயே இடம் உண்டு. அரிசி, பால், தக்காளியைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டிய ஊர் ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது. டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, காமென்ஸ் போகும் சிறு ரயிலில் புல்ஸ்னிட்ஸ். இலவங்கப்பட்டையும் கிராம்பும் மணக்கும் ஒருவகை கேக்குக்குப் பேர்போன சின்ன ஊர். 1682இல் சீகன்பால்கு பிறந்தது இங்கேதான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, மணலில் எழுதிப் பழகும் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வெளியிட்டவர். கடலே இல்லாத அந்த ஊரின் தெருவில் நடக்கும்போதுதான், அவர் எவ்வளவு தொலைவு வந்தார் என்பது உறைக்கும்.

அவர் படித்த ஹாலே நகரில், 1698இல் தொடங்கிய ஃபிராங்கே அறநிறுவனம் இன்றும் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அதன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் வழியாக வட்டார ரயிலிலேயே போகலாம். மேலே சொன்ன அதே டிக்கெட் செல்லும். சுவடிகளைப் பார்க்க விரும்பினால் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். காப்பக வேலை வார நாளில்தான் நடக்கும். அதற்கு ஒரு நாள் விடுப்பு வேண்டுமென்று உங்கள் பேராசிரியரிடம் காரணத்தைச் சொல்லியே கேளுங்கள்.