நோன்பும் புரதமும்



தமிழுக்குச் சமணம் அளித்த அறநூல்களுள் காரியாசானின் சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியாரின் ஏலாதியும் மருந்துகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. உடற்பிணிக்கு மருந்து போல உயிர்ப்பிணிக்கு அறம் என்பது அவர்தம் கருத்து. அறமும் மருந்தும் பகையல்ல என்பதற்கு இப்பெயர்களே சான்று.

ஆயினும் இன்று பல இல்லங்களில் இவ்விரண்டும் மோதுவது போன்ற தோற்றம் எழுகின்றது. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரை எண்ணிப் பார்க்கலாம். புலால், முட்டை, தேன், கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அவர் தொட்டதில்லை. கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. பாலும் மோருமே அவருக்கு வலிமை. இப்போது பால் அருந்தினால் வயிறு உப்புகின்றது, பேதியாகின்றது. பாலை விட்டார், நாளடைவில் தசை தளர்ந்தது. முட்டையேனும் உண்ணட்டும் என்கின்றனர் பிள்ளைகள். நோன்பை விடுவதா, உடலை விடுவதா என்று கலங்குகின்றார் அவர்.

இரண்டையும் விட வேண்டியதில்லை. முதலில், பிணி இன்னதென்று அறிதல் வேண்டும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது ஒன்று. கோதுமையின் குளூட்டன் குடலைப் புண்படுத்தும் சீலியாக் நோய் வேறொன்று. முன்னதில், பாலை ஏற்காத வயிறு சிறிதளவு தயிரை ஏற்பதுண்டு. பின்னதில் கோதுமையை முற்றும் நீக்கவேண்டும். ஆனால் சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் குருதிச் சோதனையில் நோய் புலப்படாது போகலாம். ஆகவே மருத்துவரைக் கண்ட பின்னரே விலக்குதல் முறை.

அடுத்து, தேவையின் அளவு. நலமுள்ள ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ள அம்மையாருக்கு ஏறத்தாழ 42 கிராம். துவரை, பயறு, கடலை, உளுந்து ஆகியவற்றுள் எதுவாயினும் சமைக்குமுன் நூறு கிராமில் சுமார் 20 முதல் 24 கிராம் புரதம் உண்டு; அரிசியில் ஏழெட்டுக் கிராம் உண்டு.

காலையில் 50 கிராம் பச்சைப்பயறும் சிறிது அரிசியும் அரைத்த அடை. நண்பகலில் 100 கிராம் அரிசிச் சோற்றுடன் 40 கிராம் துவரம்பருப்பு. பிற்பகலில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல். பொழுது சாயுமுன் 60 கிராம் அரிசியும் 25 கிராம் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல். கூட்டிப் பார்த்தால் 42 கிராமைத் தாண்டிவிடும். தானியத்தில் குறையும் லைசினைப் பருப்பு தருகின்றது. பருப்பில் குறையும் மெத்தியோனினைத் தானியம் தருகின்றது. பருப்புச்சோறு முன்னோர் தந்த நிறைவுணவு.

பயறு வாயு தருமெனின் இரவு ஊறவைத்து அந்நீரை வடித்து, நன்கு வேகவைக்கலாம். பெருங்காயம் சேர்ப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு, குளூட்டன் ஆகாதவர்க்கு அதுவே நஞ்சாகும். அவர்க்கு அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை துணை நிற்கும்.

பாலை நீக்கியோர்க்கு பி12 உயிர்ச்சத்துக் குறையும். பருப்பு அதனை ஈடுசெய்யாது. மருத்துவர் சொல்லும் மாத்திரை தேவைப்படும்; அதன் உறையும் விலங்குப் பொருளால் ஆனதன்று என உறுதிசெய்துகொள்ளலாம். சிறுநீரகப் பிணியுடையோர் மேற்கூறிய அளவைத் தாமே பின்பற்றலாகாது.

அன்னம், மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. திருவிழாப் பந்தியில் பாலும் கோதுமையும் கலவாத பருப்புணவு ஒரு தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியுடன் வைக்கப்படுமாயின், அன்னதானமும் ஔடததானமும் ஒருசேர நிகழும். பந்தியின் ஓரத்தில் வெறும் பழத்துடன் அமர்ந்திருக்கும் அந்த அம்மையாரும் வயிறு நிறைந்து, நோன்பு குன்றாது இல்லம் திரும்புவார்.

அறம் வளர்க.